தத்துப்பூச்சியில் ஒரு வளைவு

மார்ச் 4

துரும்புக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே நாம் சண்டை பிடித்துவிடுவோம். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அருங்காட்சியகத்தின் பின்சுவரில், ஸ்பிரிட் புட்டிகள் வைக்கும் கிடங்கை ஒட்டி ஒரு கொடி படர்ந்திருக்கிறது. இருபத்தாறு வருடமாக அதைத் தாண்டித்தான் சாப்பாட்டு அறைக்குப் போகிறேன். போன மாதம் அதன் இலைக்கு அடியிலிருந்து ஏதோ என் சட்டைக் கையில் குதித்தது. தத்துப்பூச்சி. நான்கு மில்லிமீட்டர். பழுக்கத் தொடங்கிய எலுமிச்சையின் நிறம், தலையில் இரண்டு கரும்புள்ளி, இறக்கையில் மாவு தூவினது போல ஒரு வெள்ளை. விரலை நீட்டினால் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் பக்கவாட்டில் நழுவுகிறது, வேலை சொன்னால் நம் அத்தை நழுவுவது மாதிரி. ஏழு பிடித்தேன். அதில் நான்கு ஆண்.

உனக்கே தெரியும், இவற்றின் வெளித்தோற்றத்தை நம்ப முடியாது. ஆணின் வயிற்று நுனியை எடுத்து, காரக் கரைசலில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் உறுப்பின் தண்டைப் பார்த்தால்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். பார்த்தேன். தண்டு நடுவில் இடப்பக்கம் வளைந்து மறுபடி நிமிர்கிறது. இதுவரை யாரும் எழுதாத வளைவு. புது இனம், சந்தேகமே இல்லை.

படம் வேண்டும். புகைப்படக்காரர் எடுத்ததில் அந்த வளைவு விழவில்லை. கேமரா அவ்வளவுதான். நீ வரைந்தால் விழும். முகம், இறக்கை, தண்டு, மூன்று படம் போதும். மூன்று ஆண்களைப் பெட்டியில் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒன்று என்னிடம் இருக்கிறது.

எழுத்து கோணலாக இருக்கும். புதுப் பேனா.

அண்ணன்


மார்ச் 11

அண்ணாவுக்கு,

பெட்டி வந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். பஞ்சைப் பிரித்து ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

நான் இப்போது ஒரு விதைக் கம்பெனிக்குப் பொட்டலப் படம் போடுகிறேன். தக்காளி, கத்தரி, வெள்ளரி. தக்காளி யாரையும் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதில்லை. நீங்கள் மறந்திருக்கலாம். மூன்று வருடத்துக்கு முன் நான் கடைசியாக வரைந்த பூச்சியின் தண்டில் பக்கவாட்டில் ஒரு பல் இருக்கிறது என்றீர்கள். நான் இல்லை என்றேன். "நீ வரையறவ. பாக்கறவன் நான். சொல்றத வரை" என்று ஆய்வறையில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னீர்கள். சொன்னபடி பல்லை வரைந்து கொடுத்துவிட்டு என் பேனாக்களை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த இனத்துக்கு அம்மாவின் பெயரை வைத்தீர்கள். இல்லாத பல்லுக்கு மேலே அம்மா பெயர்.

அது இருக்கட்டும். முகமும் இறக்கையும் முடிந்துவிட்டன. தண்டில்தான் நின்றுவிட்டேன். மூன்று ஆண்களையும் பார்த்தேன். கிளிசரின் சொட்டில் வைத்து, திருப்பி, விளக்கை மாற்றி, ஒவ்வொன்றையும் நான்கு தடவை பார்த்தேன். மூன்றிலும் தண்டு நேராக இருக்கிறது. அடிஸ்கேல் மாதிரி நேர்.

நான் பார்ப்பதைத்தான் வரைவேன். இந்த முறை சொன்னதை வரையமாட்டேன்.

இன்னொன்று. பூச்சிகளுக்குக் கீழே குத்தியிருக்கும் சீட்டுகளை யார் வெட்டினார்கள்? உங்கள் சீட்டுகளை வைத்து அளவுகோலே செய்யலாம் என்று சொல்வார்கள். இவை குழந்தை வெட்டியது போல் இருக்கின்றன.

துரும்பு


மார்ச் 15

துரும்புக்கு,

மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா? மூன்று வருடமாக இந்த ஒரு பல்லை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறாய்.

என்னிடம் இருக்கும் நான்காவது ஆணை நேற்று மறுபடி பார்த்தேன். வளைவு இருக்கிறது. போன மாதம் பார்த்ததைவிடத் தெளிவாக, பெரிதாகவே இருக்கிறது. உன் மைக்ராஸ்கோப் பழசு. லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும், துடை.

கட்டுரை பாதிக்கு மேல் எழுதியாயிற்று. இந்த இனத்தைப் பிரித்துக் காட்டுவதே அந்த வளைவுதான். அது இல்லை என்றால் என்னிடம் எலுமிச்சை நிறத்தில் ஏழு பூச்சி இருக்கிறது, அவ்வளவுதான். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். புது இயக்குநர் பூச்சிப் பிரிவை மூடிவிட்டுக் குழந்தைகளுக்கு விளையாட்டுக் கூடம் வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தச் சமயத்தில் நீ அடிஸ்கேல் என்று எழுதுகிறாய்.

எனக்கு எரிச்சல் மூட்ட வீட்டிலேயே ஆள் இருக்கிறது. குளியலறைக்குப் புது டைல்ஸ் போட்டோம். கொத்தனார் இடைக்கோடுகளை அலை அலையாக விட்டிருக்கிறான். அவனைக் கூப்பிட்டுக் கத்தினேன். உன் அண்ணி அவன் பக்கம் நின்றுகொண்டு, "நேராத்தானே இருக்கு, உங்களுக்கு என்ன ஆச்சு" என்கிறாள். கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். யாருக்குமே கண் இல்லை.

தண்டை ஒழுங்காக வரைந்து அனுப்பு.

அண்ணன்


மார்ச் 18

அண்ணா,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். டைல்ஸ் என்ற இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

கோபப்படாமல் இதை மட்டும் செய்யுங்கள். உள்ளே ஒரு தாள் வைத்திருக்கிறேன். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அளந்து போட்டவை, எல்லாம் நேர்கோடு. கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் அந்தப் புள்ளியையே பாருங்கள். சுற்றி இருக்கும் கோடுகள் எப்படித் தெரிகின்றன? பிறகு கையை மாற்றி இடது கண்ணால் பாருங்கள். மைக்ராஸ்கோப்பில் நீங்கள் வலது கண்ணைத்தான் நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இப்படித்தான் தொடங்கியது. நீங்கள் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் நான்தான் இருந்தேன். செய்தித்தாளில் அச்சு சரியில்லை என்பார். கதவு நிலை கோணிவிட்டது என்று தச்சரைக் கூப்பிட்டார். தம்ளரை மேசைக்கு வெளியே வைத்துவிட்டு, "யாரு மேசைய நகத்துனது" என்று அம்மாவைத் திட்டினார். அம்மா, நகராத மேசையைப் பழைய இடத்துக்கு நகர்த்துவது போல் பாவனை செய்தாள். அதை நான் பார்த்தேன். ஒரு வருடம் எல்லோருமாகச் சேர்ந்து அப்படி நடித்தோம். டாக்டரிடம் போனபோது, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார். கடைசியில் அவருக்கு என் முகம் தெரியவில்லை. காதும் முடியும்தான் தெரிந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. பூச்சி எக்கேடும் கெடட்டும். பார்த்துவிட்டு உடனே எழுதுங்கள்.

துரும்பு


மார்ச் 22

துரும்பு,

பார்த்தேன்.

தாளை ஒரு நாள் முழுக்க மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இடது கண்ணில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வலது கண்ணில் புள்ளியே இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ எண்ணெய்க் கையால் கட்டைவிரலை வைத்து அழுத்தின மாதிரி ஒரு கறை. அதைச் சுற்றி எல்லாக் கோடுகளும் உள்ளே இழுபடுகின்றன. இடப்பக்கம் வளைந்து, மறுபடி நிமிர்கின்றன.

உனக்கும் என் கட்டுரையிலும் நான் எழுதிய அதே வார்த்தைகள். கவனித்தாயா?

டாக்டரிடம் போகவில்லை. போனால் ஒரு பெயர் சொல்வார். பெயர் வைத்துவிட்டால் அது இருக்கிறது என்று ஆகிவிடும். நான் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அதுதானே, எனக்குத் தெரியாதா. உன் அண்ணியிடம் சொல்லவில்லை. அலுவலகத்தில் நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறேன். விளக்கைப் போடுவதில்லை. யாராவது வந்தால் போடுகிறேன்.

எதற்குப் பயப்படுகிறேன் தெரியுமா? குருடாவதற்கு அப்புறம் பயந்துகொள்ளலாம். இது எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை, அதுதான். முப்பத்தோரு இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். முப்பத்தொன்றும் சுவரோரம் அலமாரியில் இருக்கின்றன. எதில் நான் பூச்சியைப் பார்த்தேன், எதில் என் கண்ணின் ஓட்டையைப் பார்த்தேன்? அந்த அலமாரியின் இழுப்பறையைத் திறக்கக் கை வரவில்லை. நேற்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். தரை கூட்ட வந்த பெண், "பூட்டிக்கிச்சா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அம்மாவின் பெயரை வைத்த பூச்சியின் தண்டு இருக்கும் நுண்குப்பியை இத்துடன் அனுப்புகிறேன். விதிப்படி அதை வெளியே அனுப்பக்கூடாது. நீயே பார். பல் இல்லை என்றால் இல்லை என்று எழுது. நானே அச்சில் தவறு என்று எழுதி அந்தப் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உன்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கும். அதை இன்னும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

முதலில் என் துரோகத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றே அண்ணிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணி, "நான் மேசைய நகத்த மாட்டேன்" என்றாள். அப்பாவின் மேசைக் கதையையும் நான் சொல்லியிருந்தேன். இந்தக் கடிதம் வருவதற்குள் உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். என்மேல் கோபமென்றால் படுங்கள். இன்னொரு மூன்று வருடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

இனி அந்த நுண்குப்பி.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை மேசையில் வைத்துக்கொண்டு வேலை செய்வது போல் பாவனை செய்தேன். திங்கள் காலை வெளிச்சத்தில் திறந்தேன். தண்டைக் கிளிசரின் சொட்டில் போட்டேன். மூன்று வருடத்துக்கு முன் பார்த்த மாதிரியேதான் இருந்தது, பல் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது, அண்ணா. உங்கள் கண் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் வந்தது. அதை மறைக்கவில்லை.

பிறகு ஊசிமுனையால் அதைக் கொஞ்சம் உருட்டினேன். தண்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன முனை பிரிந்து வெளியே வந்தது. இன்னும் உருட்டினேன். நீங்கள் எழுதிய இடத்தில், நீங்கள் எழுதிய அளவில், நீங்கள் எழுதிய பக்கம் சாய்ந்து, பல் இருக்கிறது.

அம்மாவின் பெயர் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

அன்று மதியமே கண் டாக்டரிடம் ஓடினேன், எனக்காக. அன்றைக்கே எனக்குத் தெரியவில்லை என்றால் என் கண்ணும் போய்விட்டதோ என்று சந்தேகம். ரிசப்ஷனில் வயதைக் கேட்டார்கள், பிறந்த தேதியைச் சொல்லித் திணறினேன். கண்ணில் மருந்து விட்டு, ஒளி அடித்து, படம் எடுத்து எல்லாம் பார்த்தார். "ரெண்டு கண்ணும் சுத்தமா இருக்கும்மா. குடும்பத்துல இருக்கறதால வருஷம் ஒருக்கா வாங்க" என்றார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மருந்தால் எல்லாமே வெள்ளையாகத் தெரிந்தது. அப்போதுதான் உண்மையில் பயந்தேன். கண் நன்றாக இருந்தும் எனக்கு அன்று தெரியவில்லை. தண்டை ஒரே பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னேன். ஏன் திருப்பவில்லை? அந்த வாரம் வந்த கட்டுரையில் பதினெட்டுப் படம் என்னுடையது, என் பெயர் எங்கும் இல்லை. நீங்கள் தப்பு செய்ய வேண்டும் என்று காத்திருந்தேன். கிடைத்தது என்று நினைத்தேன்.

மன்னிப்பை எப்படி எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

துரும்பு


ஏப்ரல் 8

துரும்புக்கு,

எழுதுவது உன் அண்ணி, சொல்வது நான். வலது கண்ணில் கட்டு. இவள் தன் சரக்கையும் சேர்ப்பாள், பொறுத்துக்கொள்.

(சேர்க்கத்தான் போகிறேன். இவர் ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் காணோம் என்று இருபது நிமிடம் தேடினார். காலில்தான் போட்டிருந்தார்.)

விழித்திரைக்கு நடுவில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. டாக்டரம்மா படத்தை விரித்துக் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, இலை நரம்பு மாதிரி. "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். இரண்டு மாதம் என்றேன். இவள் பின்னாலிருந்து ஆறு மாதம் என்றாள். சீட்டுகளை எப்போதிலிருந்து கோணலாக வெட்டுகிறேன் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது, பாரேன். மூன்று வருடத்துக்கு முன் இது இருந்திருக்காது என்றும் டாக்டரம்மா சொன்னார். அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் தப்பித்துவிட்டன. கடைசி ஆறு மாதத்தில் நான் பார்த்தது இந்த ஒன்றுதான்.

கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். மரத்துப்போக மருந்து விடுகிறார்கள், வலி இல்லை. ஆனால் ஊசி வருவது தெரிகிறது. கண்ணை மூடவும் முடியாது, ஒரு கம்பி வைத்து இமையைப் பிடித்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பூச்சிகளை இந்தக் கையால் குத்தியிருக்கிறேன். ஊசி இறங்குவதற்கு முன் அவை எதைப் பார்த்திருக்கும் என்று நினைத்ததே இல்லை. நர்ஸ் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போல. "சார், கைய விடுங்க, முடிஞ்சிருச்சு" என்றார்.

இன்னும் இரண்டு ஊசி இருக்கிறது. போன பார்வை முழுதாக வராது. மேலும் போகாமல் நிற்கலாம்.

பல்லைப் பற்றி நீ எழுதியதை இவளை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். உன் படங்களுக்கு உன் பெயர் போடவில்லை என்பது உண்மை. அப்படித்தான் வழக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கத்தை மாற்றச் சொல்லி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

இப்போது சொல், தண்டு நேர்தான் என்றால் அந்த ஏழு பூச்சி என்ன? ஏற்கனவே பெயர் உள்ள ஏதோ ஒன்றா? எனக்கு அந்தப் பதிலுக்கும் பயம்தான். இருந்தாலும் நீ பார். இந்த முறை நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

(சாப்பிடுகிறார். தூக்கம்தான் இல்லை. நீ எழுது.)


ஏப்ரல் 21

அண்ணா, அண்ணி,

பத்து நாள் எடுத்துக்கொண்டேன். விதைக் கம்பெனிக்கு வெள்ளரிக்காய் தாமதம், கத்துகிறார்கள், கத்தட்டும்.

இந்தப் பேரினத்தில் இதுவரை எழுதப்பட்ட ஆறு இனங்களின் படங்களையும் நூலகத்திலிருந்து வரவழைத்துச் சுவரில் ஒட்டினேன். மூன்று ஆண்களையும் எல்லாப் பக்கமும் உருட்டினேன். இனி உருட்டாமல் எதையும் சொல்வதில்லை. தண்டை விட்டுவிட்டேன். தண்டைச் சுற்றி இரண்டு பக்கமும் மூடியிருக்கும் தட்டுகளைப் பார்த்தேன். அண்ணியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்:

"வயிற்று நுனியின் பக்கத் தட்டு நீண்டது, பின்விளிம்பில் மேல்நோக்கி மடங்கிய ஒரு கொக்கி உள்ளது, கொக்கியின் அடியில் மூன்று தடித்த முடிகள் வரிசையாக அமைந்துள்ளன. தண்டு நேரானது, நுனியில் இரு பிளவு. கொக்கியும் முடி வரிசையும் சேர்ந்து இந்த இனத்தைப் பிற ஆறு இனங்களிலிருந்தும் பிரிக்கின்றன."

ஆறில் எதிலும் அந்தக் கொக்கி இல்லை. மூன்று ஆண்களிலும் இருக்கிறது. இது புது இனம்தான். நீங்கள் சொன்ன காரணம் தப்பு, சொன்ன முடிவு சரி. சட்டைக் கையில் குதித்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அது கண்ணால் தெரிந்தது இல்லை போலிருக்கிறது.

எழுதி முடித்த பிறகு மூன்று தடவை எடுத்துப் படித்தேன். வரைவது வேறு, இது வேறு. படம் தப்பானால் இன்னொன்று வரையலாம். "இது புதிது" என்று அச்சில் சொல்லிவிட்டால் நூறு வருடம் கழித்து ஒருவர் திறந்து பார்த்து இல்லை என்று சொல்லலாம். இத்தனை வருடம் இந்தப் பயத்தோடா காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள்? ஒருநாள்கூட வீட்டில் சொன்னதில்லையே.

என் வார்த்தையை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். நான்காவது ஆண் உங்களிடம் இருக்கிறது. இடது கண்ணால் பாருங்கள். கொக்கி இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். நான் கோபித்துக்கொண்டு போகமாட்டேன்.

துரும்பு


மே 5

துரும்புக்கு,

இது என் கை. எழுத்து பெரிதாக இருக்கும், வரி மேலே ஏறும். பேனாவின் மேல் பழி போடவில்லை.

இரண்டாவது ஊசி முடிந்தது. கசிவு குறைந்திருக்கிறது என்கிறார்கள். வலது கண்ணின் கறை அப்படியே இருக்கிறது, பெரிதாகவில்லை. இடது கண்ணிலும் மஞ்சளாகச் சில புள்ளிகள் இருக்கின்றனவாம். "அது அப்படியே இருந்தாலும் இருக்கும், மாறினாலும் மாறும். மாசாமாசம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. அவரும் ஒன்றும் மறைக்கவில்லை, நானும் கேட்காமல் விடவில்லை.

இயக்குநரிடம் நானே போய்ச் சொன்னேன். கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டு மூன்றாவது தடவை உள்ளே போனேன். அவர் தன் அப்பாவுக்கும் கண் போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் எதிர்பார்த்த பேச்சே வரவில்லை. பிரிவை என்ன செய்வார் என்று இன்னும் தெரியாது.

நான்காவது ஆணைப் பார்த்தேன். வலது கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டு பழகாத இடது கண்ணால் ஒரு காலைப்பொழுது முழுக்க உருட்டினேன். முதலில் கொக்கி தெரியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உருட்டினேன். இருக்கிறது. மூன்று முடிகளையும் எண்ணினேன்.

கட்டுரையை நேற்று அனுப்பிவிட்டேன். விவரிப்பு நீ எழுதியது, ஒரு சொல்லும் மாற்றவில்லை. ஆசிரியர் இருவர். உன் பெயர் முதலில் இருக்கிறது. போன் செய்து சண்டை போட்டாலும் மாற்றமாட்டேன், மாற்றவும் முடியாது, போய்விட்டது.

இனி ஒரு விஷயம். அந்தக் கொடியிலிருந்து போன வாரம் இன்னும் ஒன்பது பூச்சி பிடித்தேன். எல்லாம் ஸ்பிரிட்டில் இருக்கின்றன. ஒன்று மட்டும் மற்றவை மாதிரி இல்லை என்று தோன்றுகிறது. புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறேன், வைத்துவிடுகிறேன். ஐந்து நாளாக இதுதான் நடக்கிறது.

எனக்குத் தனியாகத் திறக்கப் பயமாக இருக்கிறது. இந்த வாக்கியத்தை யாரிடமும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை வா. பேனாக்களைக் கொண்டு வா.

அண்ணன்